மூடிய அட்டைக்குள் ஒரு திரை: மாங்கூழ் ஆலைக்கு வீடியோ புரோஷர் வாங்கிய கதை

கிருஷ்ணகிரியில் நான் ஒரு சிறிய அச்சு வடிவமைப்பு நிலையம் நடத்துகிறேன். திருமணப் பத்திரிகை, மாம்பழப் பெட்டிக்கான லேபிள், கிரானைட் நிறுவனங்களுக்கான விலைப்பட்டியல் ஆகியவையே என் அன்றாட வேலை. 2024 செப்டம்பரில், காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்தும் என் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, தடித்த அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தார். அதைத் திறந்ததும் உள்ளே பதித்திருந்த சிறு திரையில் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பரப் படம் ஓடத் தொடங்கியது. "தம்பி, பிப்ரவரியில் துபாய் கல்ஃபுட் உணவுக் கண்காட்சிக்குப் போகிறோம். இதேபோல நமக்கு 300 வேண்டும்" என்றார். அதுவரை அப்படியொரு பொருளை நான் கையில் எடுத்துப் பார்த்ததுகூட இல்லை. அடுத்த ஐந்து மாதங்களில் அதைத் திட்டமிட்டு, மாதிரி வாங்கி, பிரித்துப் பார்த்து, திருத்தி வாங்கிய அனுபவத்தை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வீடியோ புரோஷர் எனப்படும் இந்தப் பொருள் புதியதன்று. 2009 செப்டம்பரில் அமெரிக்காவின் 'எண்டர்டெயின்மெண்ட் வீக்லி' இதழ், நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் சந்தாதாரர்களில் ஒரு பகுதியினருக்கு அனுப்பிய பிரதிகளில், சிபிஎஸ் தொலைக்காட்சியும் பெப்சியும் சேர்ந்து தந்த விளம்பரத்தின் நடுவே சிறு திரை ஒன்று இருந்தது. பக்கத்தைத் திறந்தவுடன் படம் ஓடியது. அன்று வியப்பாக இருந்த அந்த அமைப்பே சற்றுப் பெரிதாகியும் மலிவாகியும் இன்று சந்தையில் கிடைக்கிறது. உள்ளே இருப்பவை எளிமையானவை: ஒரு எல்சிடி திரை, கட்டைவிரல் அகல மின்சுற்றுப் பலகை, ஒரு நினைவகச் சில்லு, தட்டையான லித்தியம் பாலிமர் பேட்டரி, ஒரு ஒலிபெருக்கி, அட்டை திறந்ததை உணரும் ஒரு சென்சார். இவற்றைச் சுற்றிப் புத்தகக் கட்டுக்குரிய சாம்பல்நிற அட்டை இருக்கும்; அதன்மேல் அச்சிட்ட தாளை ஒட்டி லேமினேஷன் செய்திருப்பார்கள்.

விலை கேட்பதற்கு முன்பு நான் செய்த முதல் வேலை, பழைய கைப்பேசி ஒன்றை அட்டைக்குள் பதித்து ஒரு போலி மாதிரி செய்ததுதான். இரண்டு மில்லிமீட்டர் சாம்பல் அட்டையை வெட்டி, கைப்பேசித் திரை தெரியும் அளவுக்குச் சாளரம் திறந்து, ஓரங்களை ஒட்டுத்தாளால் கட்டினேன். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் அதை ஆலை அலுவலகத்தில் நான்கு பேர் கையில் கொடுத்துப் பார்த்தபோது, எந்த விலைப்புள்ளியும் சொல்லாத விஷயங்கள் தெரிந்தன. கையில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். நால்வருமே அதை மேசைமேல் வைத்துத்தான் திறந்தார்கள். உடனே பக்கத்தில் இருந்த இருவர் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். அதாவது படத்தை நேர் எதிரே இருந்து பார்ப்பவர் எவருமில்லை. எல்லோரும் சாய்வாகவே பார்க்கிறார்கள்.

அந்த ஒரு கவனிப்பே மூன்று முடிவுகளைத் தந்தது. விலை குறைந்த டிஎன் வகைத் திரையைக் குறிப்பிட்ட ஒரு திசையிலிருந்து சாய்த்துப் பார்த்தால் படம் கறுத்து நிறம் தலைகீழாகும்; மாங்கூழின் மஞ்சளை விற்க வேண்டிய எங்களுக்கு அது உதவாது என்பதால், விலை கூடினாலும் எந்தக் கோணத்திலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரைதான் என்று உறுதி செய்தோம். ஒலிபெருக்கியின் துளைகள் பின்னட்டையில் இருந்தால் மேசை அவற்றை அடைத்துவிடும்; எனவே துளைகள் திரைக்குப் பக்கத்தில், மேல்முகத்தில் வர வேண்டும். மூன்றாவது, திறக்கும் திசை. ஆலையிடம் கூழ் வாங்குவோரில் பலர் சவுதி அரேபியா, யேமன் நாட்டவர். அவர்களுக்குப் புத்தகத்தின் முதுகு வலப்பக்கம் இருப்பது இயல்பு, நெதர்லாந்துக்காரருக்கு இடப்பக்கம். இருவருக்கும் இரண்டு விதமாக அடிப்பதைவிட, நாட்காட்டிபோல மேல்நோக்கித் திறக்கும் அமைப்பைத் தேர்ந்தோம். திரை கீழ் அட்டையிலும், அச்சிட்ட விவரங்கள் மேல் அட்டையின் உட்புறத்திலும் அமைந்தன.

எண்ணிக்கை பற்றிப் பேசும்போதுதான் வாடிக்கையாளருடன் சற்று வாதிட வேண்டியிருந்தது. ஏழு அங்குலத் திரைக்கு, பெங்களூரில் உள்ள ஒரு இறக்குமதி முகமை தந்த விலை, 300 எடுத்தால் ஒன்றுக்கு 1,640 ரூபாய். 60 எடுத்தால் 2,150 ரூபாய். ஒன்றின் விலையைப் பார்த்தால் 300 லாபமாகத் தெரியும். மொத்தத்தைப் பார்த்தால் 4,92,000 எங்கே, 1,29,000 எங்கே! நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஐயா, கண்காட்சியில் நம் கடைக்கு வருவோரில் உண்மையாகக் கன்டெய்னர் கணக்கில் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர்?" அவர் பழைய விசிட்டிங் கார்டுகளை எடுத்துப் பார்த்து, ஐம்பதைத் தாண்டாது என்றார். இருபதடி கன்டெய்னர் ஒன்றில் 215 கிலோ பீப்பாய் 80 ஏறும். அது 17 டன்னுக்கு மேல். அந்த அளவில் வாங்குகிறவர் கையில் இரண்டாயிரம் ரூபாய்ப் புரோஷர் தகும். இலவசப் பை தேடி வருகிறவருக்குச் சாதாரண மடிப்புத் துண்டு போதும். 60 வீடியோ புரோஷரும், கியூஆர் குறியீடு அச்சிட்ட 500 சாதாரணத் துண்டும் என்று முடிவானது.

படத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு வாய்த்த நல்ல காலம், ஆலை முதலாளி ஜூன் மாதத்திலேயே ஒளிப்பதிவாளரை அழைத்து ஆலையைப் படம் எடுத்து வைத்திருந்தார். இதை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். நம் பக்கத்தில் பெங்களூரா மாம்பழ வரத்து மே இறுதியில் சூடுபிடித்து, ஜூலையோடு பெரும்பாலும் அடங்கிவிடும். அக்டோபரில் புரோஷர் பற்றி யோசித்துவிட்டுப் படம் எடுக்கப் போனால், கழுவிக் கவிழ்த்த தொட்டிகளும் பூட்டிய கூடங்களும்தான் கிடைக்கும். சந்தூர், போச்சம்பள்ளித் தோப்புகளிலிருந்து வண்டி இறங்குவது முதல், பழுக்கவைத்து, கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, கொதிநிலையை நெருங்கும் சூட்டில் கிருமி நீக்கி, குளிர்வித்து, கிருமியற்ற பைகளில் அடைப்பது வரை 40 நிமிடக் காட்சிகள் இருந்தன. அவற்றை 72 விநாடிகளாகச் சுருக்கினோம்.

சுருக்கும்போது நான் விடாப்பிடியாக நின்ற இடம் முதல் ஆறு விநாடி. நான் பார்த்த மாதிரிகள் பலவற்றில், அட்டையைத் திறந்ததும் நிறுவனத்தின் சின்னம் சுழன்று சுழன்று பத்து விநாடி வரும். சின்னம்தான் மேலட்டையில் அச்சாகி இருக்கிறதே. திறந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தானே திறந்தார்? எங்கள் படம் நேராகக் கூழ் வழியும் காட்சியில் தொடங்குகிறது. அடுத்து ஒருவர் ஒரு சொட்டுக் கூழை ரிஃப்ராக்டோமீட்டரில் வைக்க, கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 14-ஐத் தாண்டி நிற்கிறது. வாங்க வருகிறவர் தேடுவது அந்த எண்ணைத்தான். கண்காட்சிக் கூடத்தின் இரைச்சலில் ஒலி கேட்காது என்பதால், பேச்சை அறவே நீக்கிவிட்டு ஆங்கிலத்திலும் அரபியிலும் பெரிய எழுத்தில் வரிகள் போட்டோம். ஆலையின் இயல்பான ஓசை மட்டும் பின்னணியில் இருக்கிறது.

நினைவகத்தில் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை. இரண்டு ஜிபி எடுத்துக்கொள்ளுங்கள் என்று முகமையில் வற்புறுத்தினார்கள். கணக்கு எளிது: விநாடிக்கு 3 மெகாபிட் என்ற வேகத்தில் சுருக்கிய எம்பி4 கோப்பு 72 விநாடிக்கு 216 மெகாபிட், எட்டால் வகுத்தால் 27 எம்பி. 256 எம்பி நினைவகமே எங்களுக்குத் தாராளம்.

திரையின் அளவில்தான் ஒரு வேடிக்கையான சிக்கல் எழுந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஏழு அங்குலத் திரையின் புள்ளிகள் 1024-க்கு 600. நம் படம் 16-க்கு 9 என்ற விகிதம். எனவே கணக்குப்படி 1024-க்கு 576 என்று கோப்பை ஆக்கி, மேலும் கீழும் பன்னிரண்டு வரி கறுப்பாக விட்டு அனுப்பினேன். மாதிரியில் ஓடவிட்டபோது டப்பாக்களின் வட்டமான மூடிகள் சற்றே நீள்வட்டமாகத் தெரிந்தன. கண் மயக்கம் என்றே நினைத்தேன். பிறகு அளவுகோலை வைத்துத் திரையின் ஒளிரும் பகுதியை அளந்தேன்: 154 மில்லிமீட்டர் அகலம், 86 மில்லிமீட்டர் உயரம். வகுத்துப் பார்த்தால் 1.79. ஆனால் 1024-ஐ 600-ஆல் வகுத்தால் 1.71 மட்டுமே வருகிறது. அதாவது இந்தத் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் அகலவாக்கில் சற்று நீண்டிருக்கிறது. 16-க்கு 9 என்பது 1.78, ஆகவே படத்தை 1024-க்கு 600 முழுவதும் நிரம்புமாறு இழுத்துக் கோப்பாக்கினால், கணினியில் அது ஒடுங்கித் தெரிந்தாலும் இந்தத் திரையில் சரியாக வரும். அப்படியே செய்தேன், மூடிகள் வட்டமாயின. வேறு திரையானால் கணக்கு மாறும். எனவே புள்ளிக்கணக்கை மட்டும் நம்பாமல், திரையை அளவுகோலால் அளந்து பார்ப்பது நல்லது.

இனி இந்தப் பதிவின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். விற்பவர்கள் எல்லோரும் அட்டை திறந்திருக்கும்போது என்ன நடக்கும் என்பதைத்தான் காட்டுகிறார்கள்: திரை எவ்வளவு பளிச்சென்றிருக்கிறது, ஒலி எப்படி இருக்கிறது என்று. ஆனால் ஒரு வீடியோ புரோஷர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மூடியபடியே கழிக்கிறது. அட்டைப்பெட்டியில், கிடங்கில், விமானத்தில், வாங்குபவரின் பைக்குள் இருக்கும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அது பயன்படுமா, வெறும் அட்டையாகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. நாங்கள் அதை அக்டோபர் மாதத்து முதல் மாதிரியில் கற்றோம்.

முகமையிலிருந்து இரண்டு மாதிரிகள் கூரியரில் வந்தன. இரண்டையும் முதலாளியின் முன்னிலையில் திறந்தோம். ஒன்று ஓடியது, மற்றொன்றில் திரை எழும்பவே இல்லை. மின்னூட்டி போட்டு அரைமணி நேரம் வைத்த பிறகே உயிர் வந்தது. கூரியரில் அடிபட்டிருக்கும் என்று முகமையில் சொன்னார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பேருந்து நிலையம் அருகே கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் இரண்டையும் எடுத்துச் சென்றேன். உட்தாளை நீராவியில் இளக்கி, அட்டையைக் கத்தியால் பிரித்துத் திறந்தோம்.

உள்ளே 1500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருந்தது. எழுதியிருந்த அளவு சரியே. மூடியதை உணர்வதற்கு, மேல் அட்டையில் ஒரு சிறு காந்தமும், கீழ் அட்டையில் அந்தக் காந்தத்தை அறியும் சென்சாரும் இருந்தன. காந்தம் அருகில் இருக்கும்வரை திரை அணைந்திருக்கும், விலகினால் எழும். அந்தக் காந்தத்தை முதுகுக்கு எதிர்ப்புறம், திறக்கும் விளிம்பின் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அட்டையை மெல்ல ஒரு சுண்டுவிரல் கனம் தூக்கினோம், திரை எழுந்துவிட்டது. பெட்டிக்குள் மற்ற பொருள்கள் அழுத்தி அட்டை சிறிது பிளந்தாலே போதும், வழியெல்லாம் படம் தனக்குத்தானே ஓடிக்கொண்டு வந்திருக்கும். கதவைத் திறக்கும்போது கீல் பக்கம் இம்மி அசைவதற்குள் கைப்பிடிப் பக்கம் ஒரு சாண் நகர்ந்துவிடும் அல்லவா? காந்தத்தை முதுகுக்கு அருகில் கொண்டுபோனால், விளிம்பு சற்றே பிளந்தாலும் அங்கே இடைவெளி மாறாது. ஆள் உண்மையாகவே திறந்தால்தான் திரை எழும். காந்தத்தையும் சற்றுப் பெரிதாக்கச் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். அந்த இளைஞர், "அண்ணா, அணைந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று பார்த்துவிடலாமா?" என்று கேட்டு, பேட்டரியின் சிவப்புக் கம்பியை வெட்டி, இடையே மல்டிமீட்டரை இணைத்தார். (இதைப் பழகியவர் செய்வதே நல்லது, லித்தியம் பேட்டரியின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் நெருப்பு.) படம் ஓடும்போது 480 மில்லி ஆம்பியர், அது எதிர்பார்த்ததே. அட்டையை மூடினோம். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. 1.2 மில்லி ஆம்பியரில் நின்றது. திரை அணைந்தாலும் மின்சுற்று முழுதாக உறங்காமல் காந்தத்தைக் காவல் காத்துக்கொண்டே இருந்தது. 1500-ஐ 1.2-ஆல் வகுத்தால் 1250 மணி நேரம், அதாவது 52 நாள். டிசம்பர் 20 வாக்கில் மின்னேற்றிக் கட்டினால், பிப்ரவரி 17 அன்று கண்காட்சி தொடங்கும்போது 59 நாள் ஆகியிருக்கும். துபாயில் அறுபதையும் திறந்து, அறுபதிலும் கறுப்புத் திரையைத்தான் காட்டியிருப்போம். அந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது உண்மையாகவே எனக்கு வியர்த்தது.

முகமைக்கு இரண்டு நிபந்தனைகளை எழுதி அனுப்பினேன். காந்தமும் சென்சாரும் முதுகிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரியை முழுவதுமாகத் துண்டிக்கும் சிறு நழுவு சுவிட்ச் ஒன்று பக்கவாட்டில் வேண்டும். ஒன்றுக்கு நாற்பது ரூபாய் கூடும் என்றார்கள்; ஒப்புக்கொண்டோம். நவம்பரில் வந்த இரண்டாம் மாதிரியை அதே கடையில் அளந்தோம். சுவிட்ச் அணைத்திருக்கையில் மீட்டர் அசையவே இல்லை. ஒரு வாரம் என் இருசக்கர வண்டிப் பெட்டியிலேயே போட்டு, ஓசூருக்கும் தருமபுரிக்கும் போய்வந்த பிறகும் பேட்டரி குறையவில்லை. முழுதாக மின்னேற்றித் தொடர்ந்து ஓடவிட்டதில் 2 மணி 40 நிமிடம் ஓடியது. 72 விநாடிப் படம் என்றால் ஏறத்தாழ 130 தடவை.

அச்சு வேலையில் சொல்வதற்கு அதிகமில்லை. மேல்தாளைச் சிவகாசியில் அச்சிட்டு அனுப்பினோம். நிறத்தை நேரில் நின்று சரிபார்க்க வேண்டும் என்பதே காரணம். திரையில் தெரியும் கூழின் மஞ்சளும் அட்டையில் அச்சாகும் மஞ்சளும் அருகருகே வரும்போது வேறுபாடு உறுத்தும். மாதிரித் திரையை அச்சகத்துக்கே எடுத்துச் சென்று, எரியவிட்டபடி அச்சுத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் மஜந்தா ஏற்றுங்கள்" என்று மூன்று முறை சொன்ன பிறகே மனநிறைவு வந்தது. முதுகு மடிப்பில் அடர்நிறம் வைத்திருந்ததை மட்டும் மாற்றினோம். பலமுறை திறந்து மூடினால் லேமினேஷனுக்கு மேல் வெள்ளைக் கோடு விழுவது அடர்நிறத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

யுஎஸ்பி துளை பற்றி ஒரு சொல். கணினியில் இணைத்தால் புரோஷர் பென் டிரைவாகத் திறந்து, எவரும் கோப்பை அழிக்கவோ மாற்றவோ முடியும் என்றிருந்தது. பெரிய நிறுவனங்களில் அறிமுகமில்லாத யுஎஸ்பி பொருளை அலுவலகக் கணினியில் செருகவும் விடமாட்டார்கள். எனவே சாதாரண இணைப்பில் மின்னேற்றம் மட்டும் நடக்குமாறும், இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் மட்டுமே கோப்புகள் தெரியுமாறும் அமைக்கச் சொன்னோம்.

சீனப் புத்தாண்டு 2025-இல் ஜனவரி 29 அன்று வந்தது. அதற்கு முன்னும் பின்னும், இந்தப் புரோஷர்களைச் செய்யும் சீனத் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும். அதனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே முன்பணம் கட்டினோம். பொங்கலுக்கு முந்தைய நாள் அறுபதும் கடைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, முழுப் படத்தையும் பார்த்து, பின்புறம் எண் எழுதினோம். இரண்டில் பழுது இருந்தது: ஒன்றில் ஒலிபெருக்கி கரகரத்தது, ஒன்றில் திரையின் குறுக்கே ஒரு கோடு நின்றது. இரண்டையும் திருப்பினோம்.

துபாய்க்கு அனுப்புவதில்தான் நாங்கள் எதிர்பாராத தாமதம் ஏற்பட்டது. கைப்பெட்டியில் எடுத்துப் போய்விடலாம் என்று முதலாளி நினைத்திருந்தார். விமானப் போக்குவரத்து விதிகளின்படி, ஒரு பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்காக லித்தியம் பேட்டரி உள்ள கருவிகள் பதினைந்துக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது. கண்காட்சியில் வழங்கும் பொருள் சொந்தப் பயன்பாட்டில் சேராது. சரக்காகத்தான் அனுப்ப வேண்டும். கருவிக்குள் பொருத்திய லித்தியம் அயனி பேட்டரி யுஎன் 3481 என்ற ஆபத்தான சரக்கு எண்ணின்கீழ் வருகிறது; அந்த பேட்டரி யுஎன் 38.3 என்ற பாதுகாப்புச் சோதனைகளில் தேறியதற்கான சுருக்க அறிக்கை வேண்டும். எங்கள் பேட்டரியின் ஆற்றல் 1.5 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்க 5.55 வாட் மணி. ஒற்றைச் செல்லுக்கான இருபது வாட் மணி வரம்புக்கு மிகவும் கீழே. எனினும் அறிக்கையில் இருந்த பேட்டரியின் மாதிரி எண்ணும், பேட்டரியின்மேல் ஒட்டியிருந்த எண்ணும் ஓரெழுத்து வேறுபட்டதால், சரக்கு முகவர் நான்கு நாள் நிறுத்தி வைத்தார். திருத்திய அறிக்கை வந்த பிறகே பெட்டி நகர்ந்தது. ஆகவே அந்த அறிக்கையைப் பொருள் வந்த பிறகு கேட்காமல், முன்பணம் கட்டும் முன்பே வாங்கி, மாதிரியைப் பிரித்து எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள். வழியில் கருவி தானாக இயங்காதவாறு தடுப்பு இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. நழுவு சுவிட்சை நாங்கள் கேட்டபோது இந்த விதி எங்கள் நினைவிலேயே இல்லை. முகவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது சுவிட்சைக் காட்ட முடிந்தது.

கண்காட்சியில் 49 புரோஷர்கள் கைமாறின. ஐந்து நாளில் திறந்த எதிலும் திரை எழும்பாமல் போகவில்லை என்று முதலாளி தொலைபேசியில் சொன்னார். யேமன் வணிகர் ஒருவர் படத்தை அந்த பிரிக்ஸ் காட்சியில் நிறுத்தி, எந்த மாதத்துப் பழம் என்று கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சு தொடங்கியிருக்கிறது.

மீதமுள்ள ஒன்பதும் என் கடை அலமாரியில் இருக்கின்றன. லித்தியம் பேட்டரியை முழுதாக நிரப்பியும் வைக்கக் கூடாது, முழுதாகக் காலி செய்தும் வைக்கக் கூடாது என்பதால், பாதியளவு மின்னேற்றி, சுவிட்சை அணைத்து, தகர ஓட்டின் சூடு தாக்காத கீழ்த் தட்டில் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டிய தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பழுதாகும் ஒன்றைக் குப்பையில் போடக் கூடாது, மின்னணுக் கழிவு எடுப்பவரிடமே தர வேண்டும் என்பதையும் அதே தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். வரும் ஜூனில் புதிய வரத்து தொடங்கியதும் படத்தை மறுபடி எடுத்து, இந்த ஒன்பதிலும் கோப்பை மாற்றி ஏற்றுவதாக முதலாளியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.